தண்ணீரின் பதற்றம் நூற்று நாற்பது

நிதானம் மனசில் இருக்கிறது என்று நம் முன்னோர்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் காட்டுக்குப் போனார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். அது எச்சிலில் இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. டாக்டர் பிரசன்னவெங்கடேசன் பிறக்க வேண்டியிருந்தது.

விஷயம் எளிது. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. மனிதன் பதறும்போது இந்த நொதி கூடுதலாகச் சுரக்கிறது. ஆகவே நொதியை அளந்தால் பதற்றத்தை அளந்ததாகும் என்றார் டாக்டர். மனுஷனை எண்ணாக்கித் தருகிறேன் என்று யார் வந்து நின்றாலும் அரசாங்கம் நாற்காலி போட்டு உட்காரவைக்கும். 2058-ல் சட்டம் வந்தது. பஸ், லாரி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், அறுவை சிகிச்சை செய்கிறவர்கள், ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள், எச்சிலை அளக்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை எச்சில் கொடுத்து நிதானச் சான்று வாங்க வேண்டும். நூறுக்குக் கீழே இருந்தால் நிதானஸ்தர். மேலே போனால் பதற்றக்காரர். மூன்று தடவை மேலே போனால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. அமைச்சர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் எதற்கும் பதறியதாக வரலாறு இல்லை.

கல்யாண விளம்பரங்களில் கூட, ‘மணமகன் 38, பெண் 50-க்குள் இருந்தால் நலம்’ என்று போட ஆரம்பித்தார்கள். வயசைக் கேட்பது அநாகரிகம் என்றாகிவிட்ட காலம்.

திருச்சியில் பொன்மலைப் பக்கம் இருந்த நிதானச் சான்று மையத்தில், அது திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பெனிட்டா முதுநிலைப் பரிசோதகராக இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அந்த ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பரிசோதனைக் குழிகளில் இருப்பது சில துளி திரவம். எதிரே நின்று யாராவது ‘சாப்டாச்சா’ என்று கேட்டால் போதும், அதில் தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எச்சில் ஒரு மாவட்டத்தின் நிதானத்தையே கவிழ்த்துவிடும். எனவே முகக்கவசம், எனவே கை ஜாடை. இரண்டு விரல் காட்டினால் டீ. நெற்றியைத் தொட்டால் இயக்குநர் வருகிறார். வேலை நேரத்தில் அரட்டை இல்லாத ஒரே அரசு அலுவலகம் என்று அதற்கு ஒரு கேடயமும் கொடுத்திருந்தார்கள். கொடுக்க வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார், நல்லவேளை, வாசலில்.

பேச்செல்லாம் முன்னறையில்தான். அன்று செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே வர்ஷிதா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, ஆம்புலன்ஸ் டிரைவர். விரல்கள் மடியில் ஸ்டியரிங் பிடித்தபடியே இருந்தன.

“இது மூணாவது தடவைல்ல?” என்றாள் பெனிட்டா.

“ஆமாங்க மேடம். மொதல்ல நூத்தி முப்பத்தொண்ணு. அப்பறம் நூத்தி இருபத்தெட்டு. எறங்கிக்கிட்டுத்தான் வருது.”

“மேடம் வேணாம், அக்கான்னு சொல்லு. இந்த நிதான மிட்டாய், எலுமிச்சைச் சாறுன்னு எதாச்சும் வாயில போட்டியா?”

“இல்லக்கா. ஆறு மாசம் தியான வகுப்புக்குப் போனேன். அங்க கண்ண மூடுனா சைரன் சத்தந்தான் கேக்குது.” அவளே சிரித்துக்கொண்டாள். “எங்க டிப்போவுல ஒருத்தர் இருக்காருக்கா. பதினெட்டு! போட்டோ மாட்டி மால போட்டிருக்காங்க.”

“செத்துட்டாரா?”

“ஐயோ, உயிரோடதான் இருக்காரு. சாதனையாளராம். போன மாசம் உள்ள ஹார்ட் அட்டாக் பேஷண்ட வெச்சுக்கிட்டு டோல்கேட்டுல டீக்கு நிறுத்தியிருக்காரு. கேட்டா, ‘டீ சூடா இருந்துச்சு, ஆறட்டுமேன்னு பாத்தேன்’னு சொல்றாரு.”

“பேஷண்ட்டு?”

“அவருதான்க்கா டீக்கு முந்தி ஆறிட்டாரு.”

பெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயை நீட்டினாள். “துப்பாத. வாய்ல தானா ஊறட்டும், அப்படியே வழிய விடு. ரெண்டு ட்யூப். ஒண்ணு இன்னிக்கு ஓடும். இன்னொண்ணு ஃப்ரீசர்ல இருக்கும், மெஷின் மக்கர் பண்ணா எடுத்துக்குவோம்.”

முதல் குழாயை நிரப்பிவிட்டு வர்ஷிதா கேட்டாள். “இதுல எப்படிக்கா தெரியும்? நான் என்ன தின்னேன்னு கூடக் கண்டுபிடிச்சிருமா?”

“அந்தக் காலத்துல அயோடின் போட்டுப் பாத்தாங்க. கஞ்சித் தண்ணில அயோடின் விட்டா நீலமாயிரும். அதுல எச்சில விட்டா நீலம் போயிரும். ஆனா மாவுச்சத்த யாரு தின்னாலும் நீலம் போகும். பச்சை சக்கரவள்ளிக் கெழங்குலயும் ஒரு நொதி இருக்கு, அதக் கடிச்சிட்டு வந்தவனோட வாயும் அதே வேலையப் பண்ணும். எந்த நொதி தின்னுச்சுன்னு தெரியாது.” பெனிட்டா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் நுனியை முன்னால் இழுத்துக் காட்டினாள். “இப்ப இது மாதிரி ஒரு சரம் செஞ்சு உள்ள போடறோம். இந்த முனையில முடிச்சு. ஓரத்துலேந்து ஒண்ணொண்ணா உருவுற நொதி இருக்கு பாரு, அது முடிச்சுல முட்டிக்கிட்டு நின்னுரும். நடுவுல கத்திரி போடற நொதியாலதான் இதைத் தொட முடியும். உன் வாயில இருக்கறது அந்த ஜாதி. அந்தப் பக்க முனையில ஒரு சாமந்தி. நடுவுல வெட்டு விழுந்துட்டா மிச்சத்த உதுக்கறதுக்கு நாங்களே உள்ள ஓர் ஆள் வெச்சிருக்கோம். சாமந்தி உதுந்தா தண்ணி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு கத்திரி.”

“எவ்வளவு கத்திரியோ அவ்வளவு பதட்டமா?”

“சில பேருக்குப் பொறக்கும்போதே கத்திரி ஜாஸ்தி. பரம்பரையா சோறு தின்ன உடம்பு.”

“அப்ப அது பதட்டம் இல்லியே?”

“அதக் கேக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கும்மா” என்றாள் பெனிட்டா.

வர்ஷிதா இரண்டாவது குழாயையும் கொடுத்தாள். “எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. வண்டிதான் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். குரலில் கெஞ்சல் இல்லை. முகவரி சொல்வதைப் போலச் சொன்னாள்.

பதினோரு மணிக்குப் பெனிட்டா தட்டைத் திறந்து வைத்து மாதிரிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டு தொண்ணூற்றாறு குழியுள்ள குட்டிப் பணியாரச் சட்டி. அவள் கைப்பக்கம் இருந்த கடைசி வரிசையின் எட்டுக் குழியிலும் வெறும் தண்ணீர். தண்ணீரில் நொதி இல்லை. அது பூஜ்யம் காட்டினால்தான் மற்றதெல்லாம் நம்பத் தகுந்தது. வர்ஷிதாவின் எச்சில் அதற்குப் பக்கத்துக் குழியில்.

எதிர் மேஜையிலிருந்த சக பரிசோதகர் சபரிநாதன் நெற்றியைத் தொட்டான்.

இயக்குநரான டாக்டர் பிரசன்னவெங்கடேசன் உள்ளே வந்தார். கூடவே சென்னையிலிருந்து வந்திருந்த துறைச் செயலர் அம்மாள். அந்த அம்மாள் விதிப்படி முகக்கவசம் போட்டிருந்தார். டாக்டருடையது தாடைக்குக் கீழே தொங்கியது. முகக்கவசம் போட்டால் புகைப்படத்தில் நிதானம் தெரியாது என்பது அவருடைய நீண்டகாலக் கொள்கை.

“இதோ, அம்மையீர்!” என்று அவர் தட்டைச் சுட்டிக்காட்டி ஆரம்பித்தார். “மானுடத்தின் கொந்தளிப்பனைத்தும் இந்தத் தொண்ணூற்றாறு சிறு கிணறுகளில் அடங்கிக் கிடக்கிறது! பண்டைய முனிவர்கள் தேடியதை நான் மஞ்சள் நிறமாக மாற்றித் தந்திருக்கிறேன். இமயம் போய் அவர்கள் அடைந்ததை நாங்கள் பொன்மலையிலேயே...”

திறந்த தட்டு. பெனிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினாள். டாக்டர் அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார். தட்டைச் சுட்டி, கையை ஆட்டினாள். டாக்டர் பதிலுக்குக் கையை ஆட்டினார். பேச்சு முனிவர்களிடமிருந்து பாசனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெனிட்டா முகக்கவசத்தை இழுத்துக் கழுத்துக்கு இறக்கினாள்.

“சார்! தட்டு தொறந்திருக்கு சார்! மாஸ்க்கப் போடுங்க சார்!”

“எங்கள் ஊழியர்களின் ஆர்வத்தைப் பார்த்தீர்களா!” என்றார் டாக்டர், செயலர் அம்மாளிடம். மேலும் ஆறு நிமிஷம் பேசினார்.

தட்டு ஓடி முடிந்தது. தண்ணீரின் பதற்றம் நூற்று நாற்பது.

கணினிக்குத் தண்ணீரும் ஒரு விண்ணப்பதாரர்தான். ‘மதிப்புக்குரிய தண்ணீர் அவர்களுக்கு, தங்கள் பதற்ற அளவு வரம்பைத் தாண்டியுள்ளது. மூச்சுப்பயிற்சி மேற்கொள்ளவும்’ என்று எட்டுக் கடிதங்கள் அச்சாகி வந்தன. சபரி அவற்றை எடுத்து, வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் தோள் குலுங்க நின்றான். பெனிட்டா திரையில் அடுத்த வரியைப் பார்த்தாள். வர்ஷிதா: இருநூற்றுப் பன்னிரண்டு. உரிமம் ரத்து. செய்தி அனுப்பப்பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முன்னறையில், வர்ஷிதா மணிக்கட்டில் கட்டியிருந்த திரையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அழவில்லை. அந்த நேரத்தில் அவளை அளந்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று பெனிட்டா யோசித்தாள். யோசித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

நடைபாதையில் சபரி பிடித்துக்கொண்டான். “அக்கா, படிவம் பதினாலு இருக்கு. கலப்படம்னு எழுதுனா தட்டே செல்லாது. ஆனா எச்சில் யாருதுன்னு பேர் போட்டு, நிரூபிச்சாகணும். ‘காரணம் தெரியல’ன்னு போட்டா வந்த எண்ணு வந்ததுதான்.”

“யாருதுன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். எழுதுறது நீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க.”

“எனக்கு மட்டும் என்ன, நாய்க்குட்டியா இருக்கு?” என்ற பெனிட்டா படிவத்தை வாங்கி, அங்கேயே சுவரில் வைத்து, ‘கலப்பட மூலம்: இயக்குநர் அவர்கள்’ என்று எழுதினாள். எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டுக்குப் போய் இதைச் சொல்வதாக இரண்டு வாக்கியங்கள் கூட மனசுக்குள் தயாராயின.

டாக்டர் தன் அறையில் படிவத்தை இரண்டு முறை படித்தார். “என் எச்சிலா?”

“உங்க எச்சில்தான் சார். மாஸ்க் இல்லாம பேசினது நீங்கதான்.”

“மிஸஸ் பெனிட்டா, நான் இந்த அளவீட்டின் தந்தை. தந்தையை அளப்பது மரபல்ல.”

“எடுத்துடுங்களேன் டாக்டர்” என்றார் செயலர் அம்மாள். “எனக்கும் பாக்கணும்னு இருக்கு.”

இனி மறுக்க முடியாது. “என் எச்சிலுக்கு நான் அஞ்சுகிறவனல்ல” என்று அறிவித்துவிட்டு, டாக்டர் குழாயை வாங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வாழ்நாளில் தொடர்ந்து மூன்று நிமிஷம் பேசாமலிருந்தது அன்றைக்குத்தான் என்று சபரி பிற்பாடு கணக்குச் சொன்னான்.

முடிவு வந்தது. ஏழு.

“ஏழு!” டாக்டர் திரையைச் சுட்டிக்காட்டினார். “பார்த்தீர்களா அம்மையீர்! தமிழகத்தின் மிகக் குறைந்த எண்! ஞானியின் எண்!”

அச்சு இயந்திரம் இன்னொரு தாளைத் துப்பியது. சபரி எடுத்துப் பார்த்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் செயலர் அம்மாளிடம் கொடுத்தான். அவர் வாய்விட்டுப் படித்தார்: “பத்துக்குக் கீழ் உள்ள மாதிரி எச்சில் அல்ல, தண்ணீர் எனக் கருதப்படும். மோசடி முயற்சி. விண்ணப்பதாரரின் கையொப்பம் இனி செல்லாது.” நிமிர்ந்தார். “இந்த விதி யார் போட்டது?”

லாரி டிரைவர்கள் எச்சிலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த விதியைப் போட்டவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் தண்ணீர் பதறியது, டாக்டர் தண்ணீரானார்.

“அளவீட்டில் பிழை!” என்றார் கடைசியில். “சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி குறைவு. மரபணு அப்படி. இதற்கும் மோசடிக்கும் சம்பந்தமே கிடையாது!”

“அப்ப நிதானத்துக்கும்?” என்று கேட்டார் செயலர் அம்மாள். பதிலுக்குக் காத்திராமல், டீ எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் பின்னாலேயே போனார். விதியில் பத்து என்பதை ஐந்து என்று திருத்த அன்று மாலையே ஒரு குழு அமைக்கப்பட்டது. நூறைத் திருத்த யாரும் குழு அமைக்கவில்லை.

பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. ஏழு எப்படி நூற்று நாற்பது ஆகும்? ஏழு கத்திரி வைத்திருக்கிற மனிதர் நாள் முழுக்கத் தட்டின்மேல் நின்று சொற்பொழிவாற்றினாலும் தண்ணீர் அவ்வளவு பதறாது. அதுவரை அவள் திரையில் எண்களைத்தான் பார்த்திருந்தாள். இப்போது தட்டையே கூடத்துக்கு வெளியே எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

டாக்டர் நின்ற பக்கத்துக் குழிகள் எப்போதும் போல ஏறியும் இறங்கியும் வெளிர் மஞ்சள். எதிர்ப்பக்க மூலை மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி இருந்தது. தண்ணீர் வரிசை முழுக்க. வர்ஷிதாவின் குழி. பெனிட்டா நின்றிருந்த பக்கம்.

சபரி எட்டிப் பார்த்தான். “தட்டு தொறந்திருக்குன்னு கத்துனீங்களேக்கா” என்றான்.

“ம்.”

“அதுவும் குனிஞ்சுக்கிட்டு.”

“ம்.”

படிவம் எழுதும்போது நிமிர்ந்த முதுகு தானாக வளைந்தது. வீட்டுக்காகத் தயாரித்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களையும் அவள் மனசுக்குள்ளேயே அடித்துவிட்டாள்.

சபரி அவள் கையைப் பிடித்து நடைபாதை முனைக்கு இழுத்துப் போனான். “கேளுங்க. ஃப்ரீசர்ல ரெண்டாவது ட்யூப் இருக்குல்ல? மெஷின் மக்கர்னு எழுதிட்டு அத ஓட்டுவோம். நூறுக்குக் கீழ வந்துச்சுன்னா அந்தம்மா பொழச்சுது. உங்க பேரே வராது.”

“மேல வந்தா?”

சபரி ஃப்ரீசர் இருந்த பக்கம் பார்த்தான்.

“வந்த எண்ணு அடுத்த நொடி சர்வருக்குப் போயிரும். அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நூத்தி முப்பத்தொண்ணு, நூத்தி இருபத்தெட்டு. அவளுக்கு இன்னிக்கு மட்டும் தொண்ணூறு வருமா?”

“வரலாம்க்கா.”

“என் பேர எழுதுனா?”

“எழுதுனா பரிசோதகர் தப்பு. இன்னிக்கு உங்க கை பட்டது எதுவும் செல்லாது, ஃப்ரீசர்ல இருக்கறதையும் சேத்து அழிச்சிரணும். அவங்களுக்கு இந்தத் தடவை கணக்குல வராது. அடுத்த டெஸ்ட் ஒரு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் வண்டி ஓட்டலாம். ஆனா நிரூபிக்க நீங்க சாம்பிள் குடுக்கணும். நமக்கு வருஷா வருஷம் சான்று எப்படி வருதுன்னு தெரியுமில்ல? டாக்டர் பாக்காமலே கையெழுத்துப் போட்டாரு. இனி அவரு கையெழுத்தும் செல்லாது. உங்களுத இன்னிக்கு வரைக்கும் அளந்ததே கெடையாது. நூறுக்கு மேல உள்ள ஆள் இந்தக் கூடத்துல நிக்க முடியாது.”

“அந்தக் குழிங்களப் பாத்தா நூறுக்குக் கீழ உள்ளவ மாதிரியா இருக்கு?” என்றாள் பெனிட்டா.

படிவத்தில் ‘இயக்குநர் அவர்கள்’ என்பதைக் கோடு போட்டு அடித்தாள். ‘அவர்கள்’ என்பதை மட்டும் விட்டுவைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். நாக்கு வறண்டிருந்ததால் குழாயை நிரப்ப வெகுநேரம் பிடித்தது. சபரி அளந்தான். இருநூற்று ஆறு. திரையைக் கையால் மறைக்கப் பார்த்தான், பாவம், பழக்கதோஷம்.

“ரெண்டு ஆம்புலன்ஸ் ஓட்டலாம் போலருக்கே” என்றாள் பெனிட்டா.

நாலு மணிக்கு உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து அவள் தபால் பிரிவு. அங்கே நிதானம் தேவையில்லை. எந்தக் கடிதமும் அவசரமாகப் போக வேண்டியதில்லை என்பதால். ஓய்வுபெற இன்னும் எட்டு வருஷம் இருந்தது. வர்ஷிதாவின் மணிக்கட்டிலும் செய்தி வந்தது: ‘ஆய்வகத் தவறு. தங்கள் உரிமம் தொடர்கிறது.’ அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, கழுவும் தொட்டி இருக்கும் பின்கட்டு வரைக்கும் தேடி வந்துவிட்டாள்.

பெனிட்டா அங்கே ஒரு வாளியில் பிளீச்சிங் கரைசலை வைத்துக்கொண்டு, அன்றைய குழாய்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததில் வர்ஷிதாவின் பெயர் ஒட்டியிருந்தது. ஃப்ரீசர் குளிரில் கண்ணாடி வேர்த்திருந்தது.

“சபரி அண்ணன் எல்லாத்தையும் சொன்னாருக்கா.”

“அவனுக்கு வெளிய வந்தா வாய் நிக்காது.”

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“தப்பு என்னுதுதான். உள்ளத எழுதுனேன். பெருசா ஒண்ணும் இல்ல.”

வர்ஷிதா குழாயைப் பார்த்தாள். “அது என்னுதுதானே? இன்னும் அளக்கலாமாக்கா? சும்மா, நமக்குத் தெரிஞ்சுக்கறதுக்கு. நான் நெசமாவே பதட்டக்காரிதானான்னு.”

பெனிட்டா குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் கையில் எடுத்த எதையும் அவள் அளக்காமல் விட்டதில்லை. அடியில் வெண்மையாக உறைந்திருந்தது மெல்ல இளகிக்கொண்டிருந்தது. எவ்வளவு கத்திரி, எவ்வளவு மஞ்சள் என்று கண் தானாகக் கேட்டது.

“இதுல என்னக்கா இருக்கும்?”

“எச்சில்மா” என்றாள் பெனிட்டா. மூடியைத் திருகி, வாளிக்குள் கவிழ்த்தாள்.